முன்னால் போன பை

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள் நான். அப்பா அரிசி குடோனில் மூட்டை தூக்கினார். அம்மா பீடி சுற்றினாள். இரண்டு பேரும் கைநாட்டு. நான் புள்ளியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தபோது, அது என்ன படிப்பு என்று தச்சநல்லூர் டீக்கடையில் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

"எண்ணுத படிப்பு" என்றாராம் அப்பா.

"எண்ணுததுக்கு என்னத்துக்குவே காலேசு? எம் பேரன் நூறு வரைக்கும் எண்ணுதான்."

"ஒம்ம பேரன் நூறோட நிறுத்திருவான். எம் மவ நிறுத்த மாட்டா."

இதைவிட நல்ல விளக்கத்தை என் பேராசிரியர்கள்கூடச் சொன்னதில்லை.

திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு ஊர் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களில் முகாம் நடத்தும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிப் போட்டு வயதானவர்களின் கண்ணைப் பார்ப்பார்கள். புரை முற்றியவர்களைக் குறித்துக்கொண்டு வருவார்கள். மறுநாள் திங்கள் காலையில் ஆஸ்பத்திரி பஸ் அதே ஊருக்குப் போய் அவர்களை ஏற்றி வரும். செவ்வாய் சோதனைகள், புதன் ஆபரேஷன், வார இறுதியில் வீடு. எல்லாம் இலவசம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "முகாமுக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அத மைக்ல சொல்லுவாங்க. வராதவங்க எங்க இருக்காங்க, ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. நம்ம ஆஸ்பத்திரி நல்லா இருக்கா இல்லையாங்கறது அவங்க கையிலதான் இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில்தான். வந்தவர்களை எண்ணுவதற்கு யாரும் போதும். வராதவர்களை எண்ணுவதற்கு என்னைப் போல் ஒருத்தி வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சில மாதங்களிலேயே ஒன்று பிடிபட்டது. தெற்கே உவரிப் பக்கம் போன பஸ் நிறைந்து வந்தது. கடற்கரைக்காரர்கள் பாடிக்கொண்டே வந்து இறங்குவார்கள். கிழக்கே, வடக்கே போன பஸ்களும் மோசமில்லை. மேற்கே, மலையை ஒட்டி, ஆற்றை ஒட்டிப் போன பஸ் மட்டும் பாதி காலியாகத் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை தலையாட்டிய பெரியவர்கள் திங்கட்கிழமை காணாமல் போனார்கள்.

"மேக்க உள்ளவங்களுக்கு விழிப்புணர்வு பத்தாதும்மா" என்றார் முகாம் அலுவலர். ஐம்பது வயதுக்காரர், சுறுசுறுப்பானவர், எந்நேரமும் சட்டைப் பையில் நாலு பேனா. பழுத்த பகுத்தறிவுவாதி. ராகு காலம் பார்த்து, அதில்தான் கல்யாணம் செய்துகொண்டவர். அதைப் பற்றிக் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றங்கரையில் ஒரு ஊர். அந்த ஊர்தான் மிக மோசம். "அடுத்த முகாம்தான் கடைசி" என்றார் அவர். "அதுக்கும் பஸ் காலியா வந்துச்சுன்னா அந்த ஊர விட்டுர வேண்டியதுதான். பஸ்ஸு வேணும்னு வேற ஊர்க்காரங்க வரிசையில நிக்காங்க. நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஊரை விட்டுவிட்டால் அங்கே இருக்கும் கண் தெரியாத பெரியவர்கள் டவுன் பஸ் மாறி, ரோடு கடந்து, தாங்களாகவே திருநெல்வேலிக்கு வர வேண்டும். வரமாட்டார்கள். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, ஏனென்றால் அதற்குள் அவர்களில் சிலரை நான் தெரிந்துவைத்திருந்தேன். முக்கியமாக ஒரு ஆச்சியையும் அவள் வீட்டுத் தாத்தாவையும்.

அந்தத் தாத்தா வாழைத்தோப்புகளில் இலை அறுத்துக் கட்டி சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. வாசலில் நான் நிற்பது ஒரு நிழலாகத்தான் தெரியும். பிள்ளைகள் திருப்பூரில். போன முகாமில் ஆச்சியைக் குறித்திருந்தோம், திங்கட்கிழமை வரவில்லை. ஏன் என்று கேட்கத்தான் முதலில் போனேன். அவள் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தன் குறையைச் சொன்னாள்.

"ஆத்துக்குப் போயி எம்புட்டு நாளாச்சு தெரியுமா பிள்ள? மொதல்ல இவிய கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாவ. அது பொம்பளையளு குளிக்குத படித்தொற. இவிய திரும்பி நிக்கேன்னு அங்கனயே நிப்பாவ. திரும்பி நின்னாலும் ஆம்பள ஆம்பளதான? ஒருத்தி கேட்டுட்டா, தாத்தாவுக்கு முதுகுல கண்ணு இருக்கோன்னு. அன்னையோட விட்டாச்சு."

"முதுகுல கண்ணு இருந்தா அதுல ஒண்ண ஒனக்குக் குடுத்திருக்க மாட்டனா?" என்றார் தாத்தா உள்ளேயிருந்து.

"கேட்டியா பேச்ச? இப்பம் வீட்டுல ரெண்டு கொடம் தண்ணியில குளிக்கேன். அது குளியலா? பாத்திரம் வெளக்குத மாதிரி இருக்கு."

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அவர்கள் வீட்டிலிருந்து ஆறு இரண்டு தெரு தள்ளி. காற்று திரும்பினால் துணி துவைக்கும் சத்தம் கேட்கும். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, குடத்துத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ திங்கக்கிழமை ஏன் ஆச்சி வரல?"

"இவியதான் வேண்டாம்னுட்டாவ."

"யாரு, நானா?" என்று தாத்தா வெளியே வந்தார். "நீதானட்டி பயந்த."

"நான் எதுக்குப் பயந்தேன்?"

"எனக்கு என்ன தெரியும்?"

அதற்கு மேல் இரண்டு பேரிடமிருந்தும் ஒரு வார்த்தை பெயரவில்லை. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஏன் வரவில்லை என்று கேட்டால், துணைக்கு ஆள் இல்லை என்பார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நாலு மகன்கள் கேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு வீட்டில் ஆள் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெரியம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அவ ஏன் போகலன்னுதான பாக்குத? அவ நாள் பாக்குத ஆளு. திங்கக்கெழம கெழக்க சூலம்லா? திருநவேலி இங்கருந்து கெழக்கதான?"

"நீங்களும் போகலையே பெரியம்மா."

"நானா? எனக்கு அதுல எல்லாம் நம்பிக்க கெடையாது. எனக்கு முட்டுவலி."

மறுநாள் சூலம் பார்ப்பவளைப் பிடித்தேன். "முட்டுவலியா?" என்று அவள் சிரித்தாள். "பாவநாசத்துக்குப் படியேறிச் சாமி கும்பிட்டுட்டு வந்தவளாக்கும். சூலம் பாக்குதது அவ. நான் அதெல்லாம் பாக்க மாட்டேன். எனக்கு மாட்டப் பாத்துக்க ஆளில்ல."

அன்றோடு என் கேள்வியை மாற்றிவிட்டேன். நீங்கள் ஏன் வரவில்லை என்று யாரிடமும் கேட்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். எங்கள் சீமையில் தன் வீட்டுக் குறையை வெளியே சொல்பவர் கிடையாது. அடுத்த வீட்டுக் குறையைச் சொல்லாமல் இருப்பவரும் கிடையாது. தெரு முழுவதும் மளமளவென்று பேசியது. எல்லோருக்கும் அடுத்த வீட்டுக்காரர் மட்டும் சூலம் பார்ப்பவர். திங்கட்கிழமை கிழக்கே புறப்படுவது கூடாது. அதுவும் கண்ணை அறுக்கப் போவதற்கு. படித்த பிள்ளையிடம் இதைச் சொன்னால் சிரிக்கும் என்று அவரவர் வீட்டில் துணைக்கு ஆள் இல்லாமல் போயிருந்தது.

நான் திரும்பத் தாத்தாவிடமே போனேன். "தாத்தா, திங்கக்கிழமை கிழக்கே போகணும்னா தயிர் சாப்பிட்டுட்டுப் போகலாம்னு பரிகாரம் உண்டுல்லா?"

தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. மறைக்கவும் இல்லை.

"சந்தைக்குப் போறதுக்குத் தயிரு போதும் தாயி. கண்ணுல கத்தி வைக்கதுக்குத் தயிரா? கொஞ்சம் நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னபோது அலுவலருக்கு முகம் சிவந்துவிட்டது. "சூலமா? ராக்கெட்டு விடுத காலத்துலயா? நம்ம பஸ்ஸு பஞ்சாங்கம் பாத்து ஓடாதும்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பஸ்ஸ ஞாயித்துக்கிழமையே அனுப்ப முடியுமா?" என்று கேட்டார்.

"கட்டில் எங்க இருக்கு மேடம்? போன வாரத்து ஆளுங்க திங்கக்கிழமை காலைலதான் கட்டில விடுதாங்க."

"செவ்வாய்?"

"செவ்வாய் கூட்டிட்டு வந்தா புதன் ஆபரேஷனுக்குச் சோதனை எப்ப செய்ய?"

இரண்டும் உண்மை. அப்போதுதான் எனக்கு என் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

நான் மதுரைக்குப் படிக்கப் போன வருஷம், கல்லூரி திறந்தது ஒரு புதன்கிழமை. புதன் வடக்கே சூலம், மதுரை வடக்கு. அப்பா திங்கட்கிழமையே என் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தச்சநல்லூர் வடக்குக் கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரு கடையில் வைத்துவிட்டு வந்தார். பரஸ்தானம் என்பார்கள். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், நல்ல நாளிலேயே சாமானை அந்தத் திசையில் ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவது. "நீ திங்கக்கெழமையே பொறப்பட்டாச்சு" என்றார் அப்பா. "புதங்கெழம போறது சும்மா ஒடம்புதான்." அந்த உடம்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பட்டமும் வாங்கி வந்தது.

ஞாயிறு மேற்கேதான் சூலம். கிழக்கே தடையில்லை. முகாம் முடிந்து எங்கள் வேன் சாயங்காலம் கிழக்கே திருநெல்வேலிக்குத்தான் திரும்புகிறது, மருந்துப் பெட்டிகளோடு, பாதி காலியாக.

"சார்," என்றேன். "பஸ்ஸுல பைகள் இடத்த அடைக்குதுன்னு டிரைவர் எப்பவும் சொல்லுதாருல்லா? எல்லார் பையையும் ஞாயித்துக்கிழமையே வாங்கி நம்ம வேன்ல ஏத்திட்டா என்ன?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அவரும் இந்தச் சீமையில் பிறந்தவர்தானே. அவருக்குப் புரியாமல் இருக்குமா?

"பஸ்ஸுல எடம் மிச்சமாகும்" என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"இதுல மூடநம்பிக்க எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல சார்."

"பைய அனுப்பிட்டா ஆளும் வந்துதான ஆகணும்" என்றார் டாக்டரம்மா. "நல்ல புடவைய விட்டுட்டு யாரு இருப்பா?"

அடுத்த முகாமில் மைக்கை நானே வாங்கினேன். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க மாத்துத்துணிப் பையை இன்னைக்கே வேனில் ஏத்திரணும். வேன் இப்பவே கிழக்கே திருநெல்வேலிக்குப் புறப்படுது" என்றேன். இப்பவே என்பதையும் கிழக்கே என்பதையும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. வீட்டுக்கு ஆள் ஓடியது. மஞ்சப்பைகள் வந்து குவிந்தன. அலுவலர் வேன் வாசலில் நின்று வாங்கி வாங்கி உள்ளே வைத்தார்.

ஒரு பெரியவர் அவர் காதருகே குனிந்தார். "சார்வாள், நாலரைக்கு மேல ராகு காலம். அதுக்குள்ள வேன் ஊர் எல்லையத் தாண்டிருமா?"

ராகு காலத்தில் தாலி கட்டாமல் மாலை மாற்றிக்கொண்ட அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேனுக்குள் இருந்த டிரைவரைப் பார்த்தார். "ஏல, நாலு மணிக்கே எடுத்திரு" என்றார். "போற வழியில டீ குடிக்கணும்னியே."

ஆச்சியின் பையைத் தாத்தா கொண்டுவந்தார். ஆச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாயில் வெற்றிலையோடு சோதனைக்கு வரக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் துப்பிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையைத் தாத்தாவிடம் கொடுத்திருந்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேன் போவதை ஊரே நின்று பார்த்தது, ஏதோ அவர்களையே வழியனுப்புவது போல.

திங்கட்கிழமை காலை பஸ் போய் நின்றபோது பள்ளிக்கூட வாசலில் கூட்டம். அலுவலர் ஆளாளுக்குக் கைகொடுத்து ஏற்றினார். முட்டுவலிப் பெரியம்மா ஜன்னலோரம் கேட்டு வாங்கினாள். சூலம் பார்க்காதவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் நிறைந்தது. ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் உள்ள இடம் மட்டும் காலி.

நான் ஓடினேன். வீட்டு வாசலிலேயே சண்டை கேட்டது.

"நான் வரல. நான் இன்னும் பொறப்படவே இல்ல."

"பை போயாச்சுட்டி."

"யாரு பை? எஞ் சேல இந்தாருக்கு." ஆச்சி கையில் ஒரு மடித்த சேலையை நீட்டினாள், நான் நிற்கிற பக்கமாக. "காலைல கட்டதுக்குப் பொட்டியத் தடவுனேன். ரெண்டு சேலையும் அப்படியே இருக்கு. இவிய பையில தன் வேட்டிய வச்சு அனுப்பிருக்காவ. பொறப்பட்டது இவிய. நான் இங்கனதான் இருக்கேன்."

தாத்தா தலையைச் சொறிந்தார். "ரெண்டும் வெள்ளத் துண்டுல சுத்திக் கெடந்துது. அவசரத்துல மாறிப் போச்சு தாயி. ஆளு கூப்பிட வந்துட்டான்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சட்டப்படி பார்த்தால் ஆச்சி சொல்வது சரி. தாத்தாவின் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பயணம் புறப்பட்டிருக்கிறார். கண் தெரியாத ஆச்சி வீட்டில் இருக்கிறாள். இன்று திங்கள். பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. இந்த பஸ்ஸை விட்டால் ஆச்சி அடுத்த முகாமுக்குக் காத்திருக்க வேண்டும். இன்னும் முற்றினால் அதுவும் நல்லதில்லை என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, என்ன தாமசம்?" என்று அலுவலரே வந்துவிட்டார். தாத்தா கதையைச் சொன்னார். நான் அலுவலரின் முகத்தைப் பார்த்தேன். இப்போது பிரசங்கம் ஆரம்பிக்கப் போகிறது என்று பயந்தேன். அவர் நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். பஞ்சாயத்துக்கு உட்காருகிற மாதிரி.

"பையில வேட்டி மட்டுந்தான் இருந்துதா?"

"ஒரு துண்டு இருந்துது."

"யாரு துண்டு?"

"எந் துண்டுதான்."

"வேற?"

தாத்தா யோசித்தார். "வேற ஒண்ணுமில்ல. அந்த நர்சம்மா சத்தம் போட்டாவன்னு இவ வெத்தலப் பையக் குடுத்தா. கையில வச்சிட்டு அலைய முடியாதுன்னு அதையும் மஞ்சப்பைக்குள்ள திணிச்சேன்."

"என்னது?" என்று ஆச்சி எழுந்தே விட்டாள். "எவ் வெத்தலப் பை அங்கயா போயிருக்கு? நேத்து ராத்திரிலருந்து வீடு பூரா தடவிட்டு இருக்கேன். ஒரு வார்த்த சொன்னியளா?"

"நீ கேக்கலையே."

"அம்மா, ஒரு நிமிசம்" என்றார் அலுவலர். கையை உயர்த்தினார். "சேல பொட்டிக்குள்ள கெடக்குத பொருளு. வெத்தலப் பை எங்க இருக்கும்?"

"எப்பவும் என் இடுப்புலதான் இருக்கும்."

"தூங்கும்போது?"

"அப்பவும்."

"அப்போ சேல போறது பெருசா, இடுப்புலயே கெடக்குத பை போறது பெருசா? ஞாயித்துக்கெழம சாயங்காலம், ராகு காலத்துக்கு முன்னால, நீங்க பொறப்பட்டாச்சு. வேட்டி கூடப் போனது தொணைக்கு."

ஆச்சி அந்த வாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அதில் ஓட்டை எதுவும் இல்லை.

"அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" என்றாள் தாத்தாவிடம். சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். "கூட்டிட்டுப் போங்க. பஸ்ஸுக்காரன் நிக்குதான்லா."

திரும்பி நடக்கும்போது அலுவலர் என்னிடம் தாழ்ந்த குரலில், "இத நீ ஆஸ்பத்திரியில யார்ட்டயும் சொல்லக் கூடாது" என்றார். சரி என்று தலையாட்டினேன். பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டியதோ இல்லையோ, அவரே டிரைவரிடம் முழுக் கதையையும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் செய்த தவறு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. ஜவுளி எடுத்த கடை ஒரே கடை; பை எல்லாம் ஒரே மஞ்சப்பை. எதிலும் பேர் எழுதவில்லை. ஒரு வார்டு நிறையப் பார்வை மங்கியவர்கள், நடுவில் மஞ்சள் மலை. ஆனால் அவர்கள் அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு பையாகக் கை மாறியது. தடவினார்கள், மோந்து பார்த்தார்கள்.

"இது திருநீறு வாசம். எங்க வீட்டுது இல்ல."

"இதுல முறுக்கு இருக்கு. யாருதுன்னு இப்பம் சொல்லாண்டாம், தின்னுட்டுச் சொல்லுவோம்."

மேலப்பாளையத்திலிருந்து தனியாக வந்து சேர்ந்திருந்த ஒரு முஸ்லிம் பெத்தாவும் சேர்ந்துகொண்டாள். "எம் பை கையிலயே இருக்கு. இருந்தாலும் ஒண்ணத் தாங்க, நானும் மோந்து பாக்கேன்" என்றாள். ஆச்சி தன் வெற்றிலைப் பையைத் தொட்டவுடன் கண்டுபிடித்தாள். ஆபரேஷன் முடியும் வரை தொடக் கூடாது என்று நர்ஸ் அதை மறுபடி வாங்கிக்கொண்டது வேறு விஷயம். அடுத்த முகாமிலிருந்து பைகளில் வண்ண நாடா கட்டினோம். துணியால் முடிச்சுப் போட்டோம், தடவினாலும் தெரிய வேண்டும் என்று.

வியாழக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். நர்ஸ் விரல்களை நீட்டி, எத்தனை என்று கேட்டாள்.

"வெரலு கெடக்கட்டும்" என்றாள் ஆச்சி. "ஒஞ் சட்டையில ஒரு பொத்தான் அந்து தொங்குதே. அதத் தச்சுக்க பிள்ள."

அதைத்தான் நான் அன்று ரிப்போர்ட்டில் எழுத ஆசைப்பட்டேன். அதற்குக் கட்டம் இல்லை.

ஆபரேஷன் செய்துவிட்டதோடு என் வேலை முடியாது. டாக்டரம்மாவின் கணக்கு வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெரிகிற பார்வை பாதிதான். வீட்டில், அவர்கள் புழங்குகிற இடத்தில் எவ்வளவு தெரிகிறது என்று போய்ப் பார்த்து அளந்து வர வேண்டும். தலை முழுகக் கூடாது என்ற கெடு எல்லாம் தாண்டி, ஒரு காலையில் அளவு நாடாவும் 'ஈ' அட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டை அது. ஆங்கில 'ஈ' எழுத்தின் மூன்று பல்லும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும்.

தாத்தா மட்டும்தான் வீட்டில் இருந்தார். பேப்பர் படிக்கிற ஆள் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஆச்சி எங்க தாத்தா?"

"எங்க போவா? ஆத்துலதான் கெடக்கா. விடிஞ்சவுடன போனா. வெயிலு ஏறிருச்சு, இன்னும் வரல. நான் போயிக் கூப்பிட முடியுமா? அங்கன பொம்பளையளு படித்தொறைலா."

நான் போனேன். அதுவரை அந்தப் படித்துறையை நான் பார்த்ததில்லை. மருத மர நிழல் தண்ணீரில் பாதி தூரம் விழுந்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள் கழுத்தளவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலை மட்டும் திரும்பியது.

"அந்தா வாரா பாரு, எண்ணுத பிள்ள" என்றாள் ஆச்சி. "நீலத் தாவணி. ஏட்டி, என்னத்துக்குச் செருப்போட படியில எறங்குத? வழுக்கும். பைய வா."

அது தாவணி இல்லை, சேலை. நிறம் சரி. செருப்பும் சரி.

"ஆச்சி, கண்ணச் சோதிக்கணும். வெளிய வாங்க."

"இப்பந்தான் எறங்குனேன். அங்கருந்தே காட்டு."

விடிந்ததிலிருந்து அப்போதுதான் இறங்கியிருக்கிறாள். நான் நாடாவை அவள் கையில் கொடுத்து, இழுத்துக்கொண்டே படியேறினேன். அளவு வந்த இடத்தில் நின்று அட்டையைப் பிடித்தேன். ஆச்சி தண்ணீரிலிருந்து கையை எடுத்து, மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டினாள். சொட்டச் சொட்டக் காட்டினாள். சின்ன வரிசை வரைக்கும் வந்தாள். ஒரு இடத்தில் மட்டும் தவறினாள். அந்தத் தடவை நான் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

மற்ற பெண்களுக்கும் ஆசை வந்துவிட்டது. "எனக்குக் காட்டு", "எனக்கும் காட்டு" என்று எல்லோரும் கையை உயர்த்தினார்கள். நான் அட்டையைத் திருப்பத் திருப்ப, ஆற்றுக்குள்ளிருந்து கைகள் எல்லாம் ஒரே பக்கம் நீண்டன. மேலே என்றால் எல்லாம் மேலே. வலது என்றால் எல்லாம் வலது. நான் டிரில் வாத்தியார் மாதிரி நின்றேன்.

ஒரு கை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் போயிற்று. ஓரத்தில் நின்ற ஒரு பெரியம்மா. மஞ்சள் பூசிய முகம். பக்கத்துக் கைகள் போகிற திசையைக் கண்டு அவள் தன் கையைச் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வாள். முகாமுக்கு அவள் வந்ததே இல்லை. என் கணக்கில் எந்தப் பக்கத்திலும் அவள் இல்லை.

நான் இன்னொரு தடவை அட்டையை அவளுக்கு மட்டும் காட்டினேன். அவள் கையை எடுக்கவில்லை. "எனக்கு வெயிலு கூசுது பிள்ள" என்றாள்.

ஆச்சி தண்ணீரை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவள் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் அப்படித்தாம்ளா கூசுச்சு" என்றாள். "வார ஞாயித்துக்கெழம பள்ளியூடத்துக்கு வா. நான் கூட்டிட்டுப் போறேன், எனக்கு வழி நல்லாத் தெரியுது."

நான் படியில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, அவளுடைய பெயரையும் தெருவையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.